சாதா நீர்க்கட்டியா, சிக்கலான கட்டியா?

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் பாதிப் பேர் மனதுக்குள் புற்றுநோய் என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். ஆனால் 35 முதல் 50 வயதுக்குள் வருவதில் நிறைய வெறும் நீர்க்கட்டிதான்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சுவர் மெல்லியதாக, உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருந்தால் அது சாதா நீர்க்கட்டி, அறிக்கையில் பைராட்ஸ் 2 என்று போடுவார்கள் (பைராட்ஸ் என்பது மார்பு ஸ்கேனில் தெரிவது புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று வகைப்படுத்தும் எண்; 2 என்றால் பயமில்லை). அது புற்றுநோயாக மாறுவதில்லை. மாதவிடாய்க்கு முன் வீங்கி வலிக்கலாம், ரொம்பத் தொல்லை கொடுத்தால் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். எடுத்த நீரில் ரத்தம் கலந்திருந்தால் மட்டும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

தடித்த சுவரோ, உள்ளே திடமான சதையோ தெரிந்தால் அது சிக்கலான கட்டி, கதை வேறு. இது பெரும்பாலும் பைராட்ஸ் 4, அதாவது சந்தேகத்துக்குரியது; பயாப்ஸி (சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தே ஆகவேண்டும். அதிலும் பலருக்குப் புற்றுநோய் இல்லை என்றே வரும், ஆனாலும் 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது சரியே இல்லை. பயாப்ஸியில் இயல்புக்கு மாறான செல் பெருக்கம் தெரிந்தால், அது புற்றுநோய் இல்லைதான், ஆனால் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய 4 மடங்காகிறது.

நடுவிலும் ஒன்று உண்டு: நீர் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். அதற்குப் பெரும்பாலும் 6 மாதத்தில் மறு ஸ்கேன் போதும்.

கையால் தடவி இதையெல்லாம் பிரிக்க முடியாது. ஸ்கேன் எடுங்கள்.