மாபிளா, சிவப்புச் சீமெந்தா? மட்டக்களப்பு வீட்டுக்கு நிலம் போடுமுன்

எங்கள் ஊரில் டைல்ஸுக்கு மாபிள் என்றுதான் பேர். உண்மையான சலவைக்கல்லைக் கண்ணால் காணாதவர்களும் "வீடு முழுக்க மாபிள் பதிச்சாச்சு" என்பார்கள். அந்த "வீடு முழுக்க" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. விறாந்தையில் சாரல் அடிக்கும். குசினியில் எண்ணெய் சிந்தும். படுக்கையறையில் பிள்ளைகள் நிலத்தில் கிடந்து உருளுவார்கள். மூன்றுக்கும் ஒரே கல் எப்படிச் சரிவரும்?

பட்டுத்தான் சொல்கிறேன். கல்லடியில் வீடு கட்டியபோது, "இதுதான் அக்கா இப்ப ஓடுது" என்று கடைக்காரர் காட்டிய பளபளப்பான கல்லை விறாந்தை வரைக்கும் இழுத்துவிட்டேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். முதல் மாரி மழையில் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். மறுநிமிடம் நிலத்தில் கிடந்தார். வலது மணிக்கட்டு எலும்பு வெடித்து ஆறு கிழமை கட்டோடு இருந்தார்.

அம்மம்மா வீட்டில் சிவப்புச் சீமெந்து நிலம். இரும்பு ஒக்சைட் தூளைச் சீமெந்தோடு கலந்து, கீழ்ப்பூச்சு காயுமுன்னே மேலே இட்டு அழுத்தித் தேய்த்து எடுப்பது. பொலிஷ் பூசியபின் பொச்சுமட்டையை மிதித்துக்கொண்டு அறை முழுக்கத் தேய்ப்பது எங்கள் வேலை. கச்சான் காற்று அனலாக வீசும் ஆடிப் பகலில் அந்த நிலத்தில் வெறுமேல் சாய்த்துப் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மாபிளும் குளிர்தான், மறுக்கவில்லை. ஆனால் சீமெந்தில் இணைப்பு குறைவு, இடுக்கில் அழுக்கு அவ்வளவாக அடையாது, வருடம் ஏற ஏற நிறம் கனியும்.

சரி, அதன் குறைகள்? வெடிப்பு ஒன்று, உப்பு ஒன்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற நமக்கு உப்புத்தான் பெரிய எதிரி. நிலத்தடி ஈரம் கொங்கிறீட்டின் நுண்துளைகள் வழியே மேலேறும். வரும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுவரும். நீர் ஆவியாகிப் போக, உப்பு மேலேயே நின்றுவிடும். அம்மம்மா வீட்டில் மேற்குச் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும், அடியில் சிவப்பு வெளிறிப்போயிருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் அடுத்த மாரிக்கு மறுபடி பூக்கும். புதிதாகப் போடுகிறவர்கள் கொங்கிறீட்டுக்குக் கீழே தடித்த பொலித்தீனை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்க வேண்டும். கடற்கரை மண்ணைத் தொடவே கூடாது, ஆற்று மண்தான். வெடிப்புக்கு மருந்து, நிலத்தை நாலடிக் கட்டங்களாகப் பிரித்து ஊற்றுவதும், ஏழு நாளாவது தண்ணீர் கட்டி வைப்பதும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்யும் மேசன்மார் குறைந்துவிட்டார்கள். சீமெந்து நிலம் தோற்றது அழகில் இல்லை, ஆள் கிடைக்காமல்.

மாபிள் அந்த இடத்தில்தான் வெல்கிறது. சுமாரான மேசனும் ஓரளவு ஒழுங்காகப் பதித்துவிடுவார். கடையில் போய் முதலில் கல்லின் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். புரட்டி வைத்து ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். மளமளவென்று உறிஞ்சினால் சாதாரண செராமிக், சுவருக்குப் போகட்டும். தண்ணீர் அப்படியே முத்தாக நின்றால் போர்சலின். அது உறிஞ்சும் நீர் தன் எடையில் 0.5 வீதத்துக்கும் கீழே. பதித்தபிறகு சாவியால் தட்டிக் கேளுங்கள். "டொக் டொக்" என்று கோறைச் சத்தம் வந்தால் கீழே கலவை நிரம்பவில்லை, அந்தக் கல் ஒருநாள் வெடிக்கும். கல்லோடு கல்லை ஒட்டிப் பதிக்கவும் விடாதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இல்லாவிட்டால், விரிய இடமின்றிக் கூடாரம்போல எழும்பிவிடும்.

ஆக, என் தீர்ப்பு: நல்ல மேசன் கிடைத்தால் ஹோலுக்கும் படுக்கையறைக்கும் சிவப்புச் சீமெந்து. குசினிக்கு மினுக்கமில்லாத போர்சலின், கல்லிடையை நிரப்பும் கிறவுட் கடும் நிறத்தில்; வெள்ளை கிறவுட் மஞ்சள் கறையோடு வாழும். குளியலறைக்குச் சிறிய சொரசொரப்பான கல். வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலச் சரிவு வைக்கும்போது பெரிய கல் வளைந்து கொடுக்காது. சிறிய கல்லில் இணைப்புகள் கூட, காலுக்கும் பிடிமானம்.

பலகை நிலமும், பலகைபோலத் தோன்றும் லாமினேட்டும் நமக்கு வேண்டாம். கறையானும் வெள்ளமும் போதும். 2011 தை வெள்ளம் வடிந்தபின் சீமெந்தும் மாபிளும் சேற்றைக் கழுவியதும் பாவனைக்கு வந்துவிட்டன. உள்ளே தண்ணீர் போன லாமினேட் ஊதி நிற்கும். கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு கைகொடுக்கும். மேல்மாடியில் என்றால் பரவாயில்லை. ஈரம் ஊறும் நிலத்தில் விரித்தால் ஆறு மாதம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், அடியெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். மயிர் வைத்த காபட்டோ கடற்கரை மண்ணைச் சேமித்து வைக்கிற பெட்டகம். அதற்குப் பதில் கரையோர ஊர்ப் பெண்கள் இழைக்கும் பன்பாய் ஒன்று வாங்கலாம். தேவைக்கு விரித்து, முடிந்ததும் சுருட்டிச் சாத்தலாம். மாரியில் வெயில் கண்ட நாளெல்லாம் காயப்போட வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டடிக்கு இரண்டடி என்று சொல்லும் கல் உண்மையில் 60 சென்ரிமீற்றர்தான், அதனால் நாலு கொண்ட பெட்டி ஏறத்தாழ 15½ சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எட்டுப் பெட்டி. வெட்டுக் கழிவுக்கும் பின்னால் உடைவதற்கும் இன்னொன்று. எல்லாம் ஒரே தொகுதி எண்ணாக இருக்கட்டும், அடுத்த தொகுதியில் நிறம் ஒரு இழை மாறும்.

எங்கள் விறாந்தைக் கல்லை இன்னும் மாற்றவில்லை. "மாரி போகட்டும் அக்கா" என்கிறார் மேசன். அதுவரை வாசலில் இரண்டு பழைய சாக்கு விரித்திருக்கிறேன். பெரியம்மா பின்பக்கத்தால்தான் வருகிறார்.