பிஎல்டிசி ஃபேன்: இரண்டரை வருடமும் ஒரு ரிமோட்டும்

சித்திரை வெயிலில் பதினொரு நாள் ஹாலில் ஃபேன் இல்லாமல் கிடந்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். கூடப் படித்த ஒருவன் நேற்று போன் செய்து, "நாலு ஃபேனையும் பிஎல்டிசியா மாத்திடலாம்னு இருக்கேன், உங்க வீட்டுல எப்படி ஓடுது மாப்ள?" என்று கேட்டான். அவனிடம் வாயால் சொன்னால் ஒழுங்காக வராது என்பதால் எழுத்து. (பிஎல்டிசி என்றால் மின்சாரம் குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்த ஃபேன்.)

முதலில் வாங்கிய கதை. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்த பிறகு வந்த முதல் பில் எங்களுக்கு 570 யூனிட், 2,500 ரூபாய் சொச்சம். 500-ஐத் தாண்டினாலே நம் ஊர்க் கணக்கு வேறாகிவிடும். மேலே போன யூனிட்டுக்கு விலை கூடுவது மட்டுமில்லை, இரண்டாவது நூறு யூனிட்டுக்கு அப்போது கிடைத்த சலுகை விலையும் போய்விட்டது. அந்த டிசம்பரில் வீட்டில் இருந்த நாலு ஃபேனையும் கழற்றிவிட்டு பிஎல்டிசி மாட்டினோம். ஒன்று ஏறக்குறைய 3,000 ரூபாய். சாதா ஃபேனைவிட 1,300 கூட.

அடுத்த வருடம் அதே மாத பில் 450 யூனிட், 1,400 சொச்சம். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், இது 28. சாதா ஃபேனில் சுற்றுகிற பாகத்திலும் மின்சாரம் தூண்டப்பட்டு, அதில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். இதில் அந்த இடத்தில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் அந்த விரயம் கிடையாது. எந்தக் கம்பிச்சுருளுக்கு எப்போது கரண்ட் கொடுப்பது என்பதை உள்ளே ஒரு சின்ன போர்டு பார்த்துக்கொள்கிறது. எங்கள் கணக்கில் வருடத்துக்கு 700 யூனிட் மிச்சம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தயாராக சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, ஆக வருடத்துக்கு அரை டன். நான் அதற்காக வாங்கவில்லை, பில்லுக்காகத்தான் வாங்கினேன். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத லாபம் இன்வெர்ட்டரில் வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்டை நிறுத்துவார்கள். முன்பு மூன்று ஃபேன் ஓடினால் பன்னிரண்டரைக்கே இன்வெர்ட்டர் கூவ ஆரம்பிக்கும், பிறகு விசிறிமட்டைதான். இப்போது அதே பழைய பேட்டரியில் கரண்ட் வரும்வரை ஓடி, மிச்சமும் வைக்கிறது. அதைவிட, இன்வெர்ட்டருக்கு மாறியதும் பழைய ஃபேன் "ங்ங்ங்" என்று ஒரு முனகல் போடுமே, அது அடியோடு இல்லை. முதல் தடவை கரண்ட் போனதே எனக்குத் தெரியவில்லை.

சரி, இனி ரிமோட்.

சுவரில் இருந்த ரெகுலேட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வேகத்தைக் கூட்டக் குறைக்க ரிமோட் மட்டும்தான். மார்கழியில் விடியற்காலை குளிர் தட்டினால் அம்மா முன்பு எழுந்து ரெகுலேட்டரை இரண்டு திருகு திருகிவிட்டுப் படுப்பார். இப்போது இருட்டில் தலையணைக்கு அடியில் துழாவ வேண்டும். கிடைத்தால் அதில் பேட்டரி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் படுப்பார், கொஞ்ச நேரத்தில் வேர்த்துக்கொண்டு எழுவார். எழுபத்திரண்டு வயதில் இது தேவையா? ஸ்விட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டால் வேகம் மாறும் என்று கடைக்காரர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். அது எனக்கே நாலு தடவையில் ஒரு தடவைதான் சரியாக விழுகிறது.

ஹாலில் ஒன்று, அதை ஒட்டிய சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒன்று. ஒரே மாடல், ஒரே ரிமோட்டுக்கு இரண்டும் கேட்கும். இங்கே ஐந்தில் வைத்தால் அங்கே தட்டில் இருக்கும் அப்பளம் பறக்கும். ஒரு வாரம் முழுக்க ராத்திரி இரண்டு மணிக்கு என் ரூம் ஃபேன் தானாக நின்றது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து 200 ரூபாய் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, என் மகன் படுக்கும் முன் ரிமோட்டை வைத்து விளையாடி டைமரை அமுக்கியிருக்கிறான்.

இந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் இடி, மின்னல். ஹால் ஃபேன் இரண்டு முறை உதறிவிட்டு நின்றது. வாரண்டி இரண்டு வருடம், அது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பழைய ஃபேன் நின்றால் தெருமுனைக் கடையில் கண்டென்சர் வாங்கி மாட்டினால் போதும், பத்து நிமிட வேலை. இதற்கு அந்தக் கம்பெனி போர்டுதான் வேண்டும், அது ஊரில் இல்லை. பதினொரு நாள் கழித்து வந்தது. போர்டு 950, ஆள் கூலி 300. அதற்குள் அம்மா பரணிலிருந்து பழைய டேபிள் ஃபேனை இறக்கச் சொல்லி, "இதுக்கு ரிமோட் கிடையாது பாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

புது போர்டோடு புது ரிமோட்டும் வந்தது. பழைய ரிமோட் இந்த ஃபேனுக்கு இனி வேலை செய்யாதாம். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அப்போதுதான் உறைத்தது: இரண்டரை வருடமாக நான் கேட்டதே இதுதானே! இப்போது ஹாலுக்குத் தனி ரிமோட், மேசைக்குத் தனி. அப்பளம் பறப்பதில்லை. இரண்டும் ஒரே மாதிரி கருப்பு என்பதால் ஹால் ரிமோட்டில் மட்டும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறோம்.

மாப்ள, சுவர் ரெகுலேட்டரிலேயே ஓடுகிற பிஎல்டிசி மாடல்களும் இப்போது வந்துவிட்டன. பெரியவர்கள் படுக்கிற அறைக்கு அதைப் பார். போர்டு உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடு. மற்றபடி வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அடுத்த வாரம் ஈபிக்காரர் கணக்கெடுக்க வருகிறார். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி போன் செய்.