மரச்செக்குக் கடலை எண்ணெய்: கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது?

கடலை எண்ணெயை விட்டுச் சூரியகாந்திக்கு மாறுங்கள் என்றார்கள். இப்போது ரீஃபைன்ட் எல்லாம் விஷம், செக்குக்குத் திரும்புங்கள் என்கிறார்கள். தெருவுக்குத் தெரு மரச்செக்குக் கடை வந்துவிட்டது. அங்கே கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு வாசமும் ருசியும் நிச்சயம் உண்டு. இதயத்துக்குத் தனிப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஏறக்குறைய 17 முதல் 20 சதவீதம். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல். அதையும் செக்கு குறைக்காது. நிறைவுற்ற கொழுப்பைக் குறையுங்கள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 1961-இல் சொன்னதைத்தான் 2017-இலும் சொன்னது. மாறியவை வேறு. உணவிலிருந்து வரும் கொலஸ்ட்ராலுக்கு இருந்த 300 மில்லிகிராம் வரம்பை அமெரிக்க அரசின் வழிகாட்டி 2015-இல் கைவிட்டது. எண்ணெயைக் கெட்டியாக்கி வனஸ்பதி செய்யும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புதான் பெரிய கெடுதல் என்று தெரிந்து, இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 சதவீத வரம்பு வந்தது. பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலும் அது சொல்லும்படி இருப்பதில்லை.

வாங்கும்போது முதலில் விலைக் கணக்கைப் போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் பருப்புக்கே 325 ஆகிறது. புண்ணாக்கு விற்று 50, 60 திரும்பும். ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில் தனி. இந்த நிலையில் லிட்டர் 240-க்குத் தருகிறார்கள் என்றால் அது முழுக்கக் கடலை எண்ணெயாக இருக்க வழியில்லை. ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் கலப்படம் என்ற சோதனை பயன்படாது. சுத்தமான கடலை எண்ணெயும் அங்கே கலங்கிக் கெட்டிப்படும்.

நல்ல வழி, பருப்பை நாமே வாங்கிக் கொடுத்து ஆட்டி வாங்குவது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சைப் பருப்பில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் இருக்கலாம். ரீஃபைன்ட் ஆலையில் காரம் (ஆல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. செக்கு எண்ணெயின் உண்மையான பலவீனம் இதுதான். கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆட்டிய எண்ணெய் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்று தெளிய வேண்டும். பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் பழுப்பு மண்டி நகர்ந்தால் அவசரமாக அடைத்தது. அந்தக் கசடும் ஈரமும்தான் வாணலியில் நுரையாகப் பொங்குகிறது, சீக்கிரம் காறலும் தட்டுகிறது. இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் புதுக்கடலை வாசம் வர வேண்டும். பெயிண்ட் மாதிரி அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தாளிக்க, பொரியலுக்கு, இட்லிப் பொடிக்கு இதற்கு இணையில்லை. வடை பொரிக்க வேண்டாம். சுத்திகரிக்காத கடலை எண்ணெய் ஏறக்குறைய 160 டிகிரியிலேயே புகையத் தொடங்கும். வடைக்கு 170, 180 வேண்டும். அதற்கு ரீஃபைன்ட் கடலை எண்ணெயே போதும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் பெரிய விஷயம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது. அது இரண்டு மேசைக்கரண்டி. ஆளுக்கு மாதம் 900 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டல் பூரியும் சாயங்கால பஜ்ஜியும் இதற்குள்தான் அடக்கம். செக்கு எண்ணெய் நல்லது என்று தாராளமாக ஊற்றும் வீட்டில் இந்தக் கணக்கு இரண்டே வாரத்தில் தாண்டிவிடும்.

அரை லிட்டராக வாங்குங்கள். எவர்சில்வர் தூக்கிலோ நிறக் கண்ணாடியிலோ, அடுப்பு மேடையை விட்டுத் தள்ளி வையுங்கள். பழைய எண்ணெய் ஒட்டிய பாத்திரத்தில் புதிதை ஊற்ற வேண்டாம்; அடியில் இருக்கும் காறல் புது எண்ணெயையும் கெடுத்துவிடும்.