2010: ஹெய்ட்டியும் சிலியும்

ஜனவரி 12, ஹெய்ட்டி: நிலநடுக்க அளவு 7.0. பிப்ரவரி 27, சிலி: 8.8. வெளிப்பட்ட ஆற்றலில் சிலியுடையது சுமார் 500 மடங்கு. ஆனால் அங்கே இறந்தவர்கள் 500-க்குச் சற்று மேல். ஹெய்ட்டியில் அரசுக் கணக்குப்படியே 3 லட்சத்தைத் தாண்டியது (அந்த எண்ணிக்கை மிகை என்பாரும் உண்டு).

ஹெய்ட்டி நடுக்கம் ஆழம் குறைவு, மையம் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸிலிருந்து வெறும் 25 கி.மீ. சிலியில் மையம் கடலுக்கடியில். சரி, தூரம் மட்டுமா காரணம்? 1960-இல் 9.5 அளவு அதிர்வைத் தாங்கிய சிலி, கட்டட விதிகளைக் கறாராக்கியது. ஹெய்ட்டியிலோ கம்பி போதாத கான்கிரீட் தளங்கள் அப்படியே தலைமேல் இறங்கின. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய காரணம்.

சிலியும் ஒன்றில் கோட்டைவிட்டது: சுனாமி எச்சரிக்கை குழப்பத்தில் முடிந்ததால், கரையோரத்தில் பலர் தப்பவில்லை.