மாலிகுல் மாடல் கிட்: ஹெட்டிரோசைக்கிள் படிக்கிறவங்களுக்கு ஓகேவா?

எம்எஸ்சில ஹெட்டிரோசைக்கிள் (வளையத்துல கார்பனோட நைட்ரஜன் மாதிரி வேற அணுவும் இருக்கற சேர்மம்) பேப்பருக்காக ஆன்லைன்ல வாங்குன கிட்டு, கார்பன் கருப்பு நைட்ரஜன் நீலம்னு வழக்கமான கலர்தான். ஆனா லோன் பேருக்குன்னு (பிணைப்புல சேராத எலக்ட்ரான் ஜோடி) தனியா பிங்க் பீஸ் குடுத்திருக்கான் பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம். பிரிடினையும் பைரோலையும் (ரெண்டுமே ஒரு நைட்ரஜன் இருக்கற வளையம்) கட்டி பக்கத்துல வச்சு பாத்தா, பிரிடின்ல லோன் பேர் வளையத்தோட தளத்துலயே வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, புரோட்டான் வந்தா புடிச்சுக்கும், பைரோல்ல அந்த 2 எலக்ட்ரானும் வளையத்த நிலையா வச்சிருக்கற 6 பை எலக்ட்ரான் கணக்குக்கே போயிடுது, அப்புறம் அது எங்க புரோட்டானப் புடிச்சு பேஸா இருக்கறது. போர்டுல எத்தன தடவ போட்டாலும் இது மண்டைல ஏறாது.

அசிரிடின் (மூணே அணு வளையம்) கட்டுறப்ப குச்சியெல்லாம் விறைச்சுக்கிட்டு தெறிக்கப் பாக்கும், கோணம் 60 டிகிரிக்கு சுருங்குற ஸ்ட்ரெயின்னா என்னன்னு விரல்லயே தெரியுது, செம.

கடுப்பு என்னன்னா நீல பந்து மொத்தமே 4 தான். காஃபீன் கட்டிடலாம், டிஎன்ஏல வர்ற அடினைனுக்கு 5 வேணுமே! நைட்ரஜன் மட்டும் தனியா விக்கவும் மாட்டேங்குறான். ஓட்டை வேற டைட்டு, கழட்டுறதுக்குள்ள நகம் போயிடும். ஹாஸ்டல்னா ரூம்மேட்டையும் ஒண்ணு வாங்க வச்சிருங்க, பியூரின் (காஃபீன், அடினைன் குடும்பம்) சேப்டர் வரப்ப கடன் வாங்கிக்கலாம்.