ஒரே சீட்டில் பவளக் கல்லும் பி.எச். டவுனும்: மீன் தொட்டி வைக்கப்போகும் மதுரைக்காரர்களுக்கு

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். அதன் பின்பக்கம் பச்சை மையில் கடைக்காரர் எழுதிக் கொடுத்தது இது: தொட்டி ஸ்டாண்டோடு 5,800. மோட்டார் ஃபில்டர் 650. ஹீட்டர் 450. பவளக் கல் அஞ்சு கிலோ 400. மரக்கட்டை 700. எல்லோ லேப் ஆறு 900. ஏஞ்சல் நாலு 320. ரேம் ஜோடி 300. பி.எச். டவுன் ஒண்ணு 180. எல்லோ லேப், ஏஞ்சல், ரேம் மூன்றும் மீன் பெயர்கள். கூட்டினால் 9,700. "ரவுண்டா ஒம்பதரை குடுங்கண்ணே, நம்ம ஏரியாக்காரரு" என்றார். அந்த இருநூறு ரூபாயில் மயங்கிப்போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விவரம் தெரிந்தவர் இதைப் பார்த்தால் முதலில் சிரிப்பார், அப்புறம் என்னைத் திட்டுவார். தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றுகிற பவளக் கல், அதை இறக்குகிற பி.எச். டவுன் மருந்து, இரண்டும் ஒரே தொட்டிக்கு ஒரே நாளில். போதாக்குறைக்கு சித்திரை வெயிலில் மதுரைக்காரனுக்கு ஒரு ஹீட்டர். அழகர் ஆற்றில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்தியானம் எங்கள் வீட்டு மாடி டேங்க் தண்ணீரைப் பிடித்தால் கை பொறுக்காது.

கடையின் பெயரைப் போடவில்லை. எந்த ஏரியா என்றும் கேட்காதீர்கள். சீட்டில் இருக்கிற சாமான்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்த அம்மாவுக்காகத்தான் தொட்டி. டிவி சத்தம் தலையை வலிக்குது, நாலு மீன் வாங்கிப் போடுடா என்றார். நாலு வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அதனால் ஆப்பிரிக்கன் சிக்லிட், சவுத் அமெரிக்கன் சிக்லிட் என்று இரண்டு வார்த்தை தெரிந்திருந்தது. கடையில் இடப்பக்கம் மஞ்சளும் நீலமுமாகக் குட்டி மீன்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. வலப்பக்கம் ஏஞ்சல்கள் பட்டம் மாதிரி அசையாமல் நின்றன. "ரெண்டுல நமக்கு எதுண்ணே சரிப்படும்?" என்று கேட்டேன். கேள்வி சரியாகத்தான் இருந்தது.

"ரெண்டும் சிக்லிட்தானண்ணே, ஒரே சாதி. கலந்து விடுங்க, அம்புட்டு அழகா இருக்கும்."

ஒரே குடும்பம் என்பது பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் கேரளத்துக் கரிமீனும் சிக்லிட்தான், நம் கண்மாயில் தூண்டிலில் மாட்டுகிற ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். இடப்பக்கம் இருந்தவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள். அந்த ஏரியில் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு, ஏழு என்றால் நடுநிலை) எட்டையொட்டி, 7.8 முதல் 8.6 வரை. கரை முழுக்கப் பாறை, பாறையில் பாசி, அந்தப் பாசிக்கும் பொந்துக்கும் நாள் முழுக்கச் சண்டை. ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், ரேம் அதே தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்தது. இலை விழுந்து ஊறி டீத்தூள் நிறத்தில் நிற்கிற, சுண்ணாம்பு உப்பு குறைந்த மெதுநீர், பி.எச். ஏழுக்குக் கீழே. பி.எச்.சில் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு மீனுக்கும் பொதுவான ஒரு தண்ணீர் கிடையாது.

கடைக்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: வீட்டில் போர் தண்ணியா, கார்ப்பரேஷன் தண்ணியா? அவர் கேட்டது, "எந்தக் கலர்ண்ணே புடிச்சிருக்கு?"

தொட்டி மூணடி நீளம், சுமார் 160 லிட்டர். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடட்டும், காலையில் மீனை விடலாம் என்றார். விட்டேன். நாலாம் நாள் ரேம் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் இரண்டும் இல்லை. பத்து நாளுக்குள் ஏஞ்சலில் ஒன்று போனது. மிச்சமிருந்த மூன்றுக்கும் வால் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. ஆறு மஞ்சளும் மாறி மாறி அதைக் கொத்தியதை அம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். "டேய், இது மீன் தொட்டியா, ஜல்லிக்கட்டா?" என்றார்.

புதுத் தொட்டியில் மீன் கழிவு அம்மோனியாவாகத் தேங்கும். அதைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவும் ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு ராத்திரியில் வராது. காரத் தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதே அளவு அம்மோனியா இருந்தாலும், பி.எச். ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் அதில் விஷமாக நிற்கிற பங்கு சுமார் பத்து மடங்காகிறது. சூடு ஏறினால் இன்னும் கூடும். ஹீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அப்போது தெரியாது. கடைக்குப் போனேன். "தண்ணியில உப்பு ஜாஸ்திண்ணே, டவுன் மருந்தை இன்னும் பத்துச் சொட்டுக் கூட்டி விடுங்க" என்று இன்னொரு பாட்டில் கொடுத்தார், 180. ஊற்றினால் சாயங்காலம் ஏழு காட்டும், விடிந்தால் எட்டுக்கு மேலே நிற்கும். மறுபடி ஊற்றுவேன். போர் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிவிட்டுப் பழைய இடத்துக்கே வருகிறது, அடியில் கிடக்கிற பவளக் கல்லும் கரைந்து கரைந்து கை கொடுக்கிறது என்பது பிற்பாடு புரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை பத்து மடங்கு ஏற்றி இறக்கினால் எந்த மீன் தாங்கும்? மிச்ச ஏஞ்சல்களும் போயின.

இதுவரை நடந்ததை அறியாமை என்றுகூட விட்டுவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

எனக்கு விற்ற எல்லோ லேப் ஆறிலும் உடம்பு நீளத்துக்குக் கறுப்புக் கோடு இருந்தது. வாங்கும்போதே கேட்டேன். "கோடு போட்ட வெரைட்டிண்ணே, ரேர்" என்றார். மூன்று மாதம் கழித்து அதில் பெரியது மங்க ஆரம்பித்தது. வயிற்றுப் பக்கமிருந்து கறுப்பு ஏறியது. மஞ்சள் இருந்த இடம் கறுத்து, கோடு இருந்த இடம் வெளிறி, ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரி ஆகிவிட்டது. போனில் படம் எடுத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஃபங்கஸ்ண்ணே. நல்லவேளை இப்பவே வந்தீங்க" என்று நீல மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் பொடி ஒன்று, 220 ரூபாய். ஐந்து நாள் போட்டேன். நீல மருந்து சிலிக்கான் ஒட்டையும் மோட்டார் குழாயையும் சாயம் ஏற்றியது. பொடி ஃபில்டரில் பிடித்திருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவையும் கெடுத்திருக்க வேண்டும், தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. மூன்று மீன் செத்தன. கறுத்த மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னைவிட ஜோராகத் துரத்தியது.

அந்த வாரம் ஆர்.ஓ. ஃபில்டர் மாற்ற வந்த தம்பி, சும்மா இருக்காமல் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரைத் தொட்டிக்குள் விட்டான். 1,150. "அண்ணே, இது மீன் தொட்டியா, கருவாட்டுத் தொட்டியா?" என்று சிரித்தான். செல்லூரில் தனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மொட்டை மாடியில் மீன் வளர்க்கிறார், அவரைப் பாருங்கள் என்று சொன்னவனும் அவன்தான்.

பெரியவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன் படத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இது வியாதி இல்ல தம்பி. பய வயசுக்கு வந்துட்டான்."

அது எல்லோ லேப்பே இல்லை. ஆரட்டஸ். மலாவி ஏரியின் பெரிய முரடுகளில் ஒன்று. குட்டியும் பெட்டையும் மஞ்சளில் கறுப்புக் கோடு. ஆண் வளர்ந்தால் நிறம் அப்படியே தலைகீழாகும். அசல் எல்லோ லேப்புக்கு உடம்பில் கோடு கிடையாது, முதுகுத் துடுப்பில்தான் கறுப்புக் கரை ஓடும். அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் சாதுவும் அதுதான். "மீன் விக்கிறவனுக்கு இது தெரியாதா? வித்து முடிக்கணும், அதான்" என்றார்.

பிறகு நான் கொண்டுபோன போர் தண்ணீரில் ஐந்து மில்லி எடுத்துச் சோதனைக் குப்பியில் விட்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். ஒரு சொட்டுக்கு கார்பனேட் கடினத்தன்மை ஒரு டிகிரி. நீலம் மஞ்சளாக மாறுகிற வரை எண்ண வேண்டும். ஐந்து, எட்டு, பத்து என்று போகிறது, நீலமாகவே இருக்கிறது. பதினைந்தாவது சொட்டில் மாறியது. "இந்தத் தண்ணியில பி.எச். டவுன் ஊத்துறதும் வைகையில பெருங்காயத்தைக் கரைக்கிறதும் ஒண்ணுதான்." டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைக் காட்டாது, அதை நம்பி மீன் வாங்காதே என்றும் சொன்னார்.

அவர் சொன்னபடி பார்த்தால், பக்கெட்டில் வெள்ளை அடை பிடிக்கிற போர் தண்ணீர் வீடுகளுக்கு மலாவி மீன் கஷ்டமில்லாமல் வரும். உப்பு ரொம்பக் கரித்தால் கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டும். பவளமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வைகை அணைத் தண்ணீர் குழாயில் வந்தால், குளோரினைப் போக்கிவிட்டு ஏஞ்சலை முயன்று பார்க்கலாம். ரேம், டிஸ்கஸ் (அதுவும் அமேசான் பக்கத்து மீன்) ஆசை இருந்தால் ஆர்.ஓ. தண்ணீரை அளந்து கலந்து வாராவாரம் மாற்றுகிற பொறுமை வேண்டும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி சூடு பிடிக்கும் என்பது ஒன்றுதான் நம் ஊருக்குச் சாதகம். மலாவி மீன் 24 முதல் 27 டிகிரிக்குப் பழகியது, சித்திரை வைகாசியில் தொட்டி மேல் சின்ன ஃபேன் ஓட வேண்டும். "ஆப்பிரிக்கா" என்கிற பெயரையும் அப்படியே நம்ப முடியாது. கிரிபென்சிஸ் என்று ஒரு மேற்கு ஆப்பிரிக்க மீன், அது மெதுநீர்க் கட்சி.

தீனியும் வேறு. எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ரத்தப் புழு டப்பா கொடுத்திருந்தார் கடைக்காரர். பாறைப் பாசி தின்கிற மலாவி மீனுக்குத் தினமும் புழுவைப் போட்டால் வயிறு உப்பிச் சாகும் என்கிறார் பெரியவர். ஸ்பைருலினா என்கிற பாசி கலந்த தீனிதான் அதற்கு.

இன்னொன்றும் காட்டினார். பீக்காக் என்கிற மலாவி மீனின் ஒன்றரை அங்குலக் குட்டிகள் தொட்டி முழுக்க ஒன்றுவிடாமல் நீலமும் சிவப்புமாக ஜொலித்தால் வாங்காதே. அந்த வயதில் சாம்பல் நிறம்தான், பெட்டை வளர்ந்தாலும் மங்கல்தான். எல்லாமே பளபளத்தால் ஹார்மோன் கலந்த தீனி போட்டிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் வெளுக்கும். ஆஸ்கர் என்கிற மீன் வேறு விதமாக ஏமாற்றும். விரல் நீளத்தில் விற்பார்கள், ஒரு அடி வளரும்.

பவளக் கல்லைப் பற்றிச் சொன்னபோதுதான் எனக்கு வேர்த்தது. மன்னார் வளைகுடாவில் இருந்து வருகிற சரக்கு அது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டாக இருந்தாலும் விற்பது குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

மறுநாள் அஞ்சு கிலோவையும் சாக்கில் கட்டிக் கடைக் கல்லா முன்னால் வைத்தேன். சீட்டைக் காட்டினேன். "இது பில்லா? காலண்டர் தாளு. நான் எழுதுனதுன்னு யாரு சொன்னா?" என்றார். அண்ணே போய் சார் வந்துவிட்டது. மிச்ச மூன்று ஆரட்டஸையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வண்டியூர் கண்மாயில விட்டுருங்க சார், பொழச்சுக்கும்" என்றார். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க மீன்தான். பிழைத்துக்கொண்டு இன்றைக்கு எந்தக் கண்மாயை விட்டு வைத்திருக்கிறது?

பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது யூ.பி.ஐ. ரசீது, பச்சை மைச் சீட்டு, படங்கள். எல்லாம் சேர்த்து என் செலவு 9,900. நீங்கள் வாங்கினால் மீன் பெயரோடு பில் கேளுங்கள். "எல்லோ லேப் ஆறு" என்று அச்சடித்த பில் இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மூன்று ஆரட்டஸையும் பெரியவர் வாங்கிக்கொண்டார், கறுத்த பயலைத் தனித் தொட்டியில் போட்டிருக்கிறாராம். எங்கள் தொட்டியில் இப்போது ஆற்றுக் கூழாங்கல், ஓடுகிற ஃபில்டர், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி. அது அழுகி அம்மோனியா ஆக வேண்டும், பாக்டீரியா வர வேண்டும், சோதனையில் பூஜ்யம் காட்ட இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அம்மா காலையில் காபியோடு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா தீனி போடுற என்று கேட்கிறார்.