எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர்: எந்தக் கார்டுக்கு உதவும், எதற்கு உதவாது

மெமரி கார்டு ஃபார்மேட் ஆக மாட்டேன் என்கிறது என்று யாரிடம் சொன்னாலும், எஸ்டி கார்டுக்கான விதிமுறைகளை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டரைப் போட்டுப் பாருங்கள் என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதி பதில்தான். இந்த மென்பொருள் சில கார்டுகளுக்கு மருந்து, சிலவற்றுக்கு இறப்புச் சான்றிதழ், உங்கள் கார்டு இதில் எந்த ரகம் என்று சீக்கிரம் தெரிந்துவிட்டால் ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும், டக்ஸெரா நிறுவனம் எழுதிக் கொடுத்தது. ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான்: கார்டைத் தேர்ந்தெடு, குவிக் அல்லது ஓவர்ரைட், பட்டனை அழுத்து. ஓவர்ரைட் என்றால் கார்டு முழுக்க எழுதித் தீர்க்கும், பெரிய கார்டு என்றால் வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். ஃபைல் சிஸ்டம், அதாவது கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, எது வேண்டும் என்று நம்மிடம் கேட்கவே கேட்காது. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட், எஸ்டி விதிமுறை என்ன சொல்கிறதோ அதுதான். கேமராவுக்கு இதைவிட நல்லது இல்லை. 64 ஜிபி கார்டை ஃபேட்32 மட்டுமே புரியும் பழைய பிளேயரில் போட நினைப்பவருக்கு மட்டும் இந்தப் பிடிவாதம் எரிச்சலாக இருக்கும்.

இது நிஜமாகவே கைகொடுக்கும் இடம், பார்ட்டிஷன் (கார்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) குழம்பிப்போன கார்டு. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் போட்ட கார்டை விண்டோஸில் செருகினால் சின்னதாக ஒரு பூட் பார்ட்டிஷன் மட்டும் தெரியும், மீதி இடம் எங்கே போனதென்றே தெரியாது. அதையெல்லாம் துடைத்து முழு அளவையும் திருப்பிக் கொடுத்துவிடும். கார்டுக்கு டிரைவ் எழுத்தே கிடைக்கவில்லை என்றால், முதலில் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'க்ளீன்' கொடுத்து, புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டுவிட்டு வர வேண்டும். அப்போது எந்த டிஸ்க் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அளவைப் பார்த்து இரண்டு தடவை சரிபாருங்கள், தப்பான எண்ணைக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

சரி, இப்போது கசப்பான பக்கம். சில சமயம் கார்டு ரைட் ப்ரொடெக்டட், அதாவது எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறது, என்று சொல்லி ஃபார்மேட்டர் நின்றுவிடும். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாது, எனக்கு இதில் பெரிய குறையே இதுதான். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். பெரிய எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக் வெறும் பிளாஸ்டிக் துண்டு, அது எங்கே இருக்கிறது என்று கார்டுக்கே தெரியாது, ரீடர்தான் தடவிப் பார்த்துக்கொள்கிறது. அதனால் ரீடர் தேய்ந்திருந்தாலோ, அந்தத் துண்டு கழன்று விழுந்திருந்தாலோ நல்ல கார்டுகூடப் பூட்டியதாகத் தெரியும். மைக்ரோ எஸ்டியில் அந்த லாக்கே கிடையாது, அடாப்டரில்தான் இருக்கிறது. ஆகவே வேறு ரீடர், வேறு அடாப்டர் இரண்டையும் மாற்றிப் பார்க்காமல் கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து எல்லோரும் சொல்லும் வித்தை, டிஸ்க்பார்ட்டில் 'ஆட்ரிப்யூட்ஸ் டிஸ்க் க்ளியர் ரீட்ஒன்லி'. இது விண்டோஸ் தானே போட்டுக்கொண்ட பூட்டைத்தான் எடுக்கும். கொடுத்த பிறகு 'ஆட்ரிப்யூட்ஸ் டிஸ்க்' என்று தட்டிப் பாருங்கள். ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) 'நோ', ஆனால் கரண்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட் 'யெஸ்' என்று வந்து, ரீடரை மாற்றியும் அப்படியே நின்றால், பூட்டு பெரும்பாலும் கார்டுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னும் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. ஒரு போட்டோவை அழிக்கிறீர்கள், அழிந்துவிட்டது என்கிறது, கார்டைக் கழற்றி மறுபடி செருகினால் அதே போட்டோ அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் தன் கேஷில் (தற்காலிக நினைவில்) அழித்துக்கொண்டது, கார்டில் ஒரு பைட்கூட மாறவில்லை. கார்டில் தகவலைச் சேமிக்கும் ஃப்ளாஷ் செல்களுக்கு இத்தனை தடவைதான் எழுத முடியும் என்று ஆயுள் உண்டு. கெட்டுப்போன இடங்களுக்கு மாற்றாக வைத்திருக்கும் உபரியும் தீர்ந்துவிட்டால், பல கார்டுகளில் உள்ளே இருந்து கார்டை நடத்தும் கன்ட்ரோலர் எழுதுவதையே நிறுத்திவிடும். இந்த நிலைக்கு வந்த கார்டை இந்த ஃபார்மேட்டரோ, காசு வாங்கும் 'ரிப்பேர்' மென்பொருளோ மீட்காது. படிக்க மட்டும் இன்னும் முடியும், அதுவும் எத்தனை நாளைக்கோ! உடனே எல்லாவற்றையும் காப்பி எடுங்கள், ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு எடுக்கலாம், அதுவும் இலவசம்தான்.

ஃபார்மேட் வெற்றி என்று வந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். அளவைப் பொய் சொல்லும் போலிக் கார்டை இது கண்டுபிடிக்காது, கார்டு சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளும். எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருளைக் கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் வண்டவாளம் வெளியே வரும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. காரணம் சொல்லாமல் நின்றுவிடுவதற்காக ஒன்று போச்சு. அப்புறம், வாரண்டி இருக்கிறதே என்று செத்த கார்டை அனுப்பி வைக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: எழுத முடியாத கார்டை அழிக்கவும் முடியாது, உள்ளே இருப்பதெல்லாம் அதோடு சேர்ந்தே போகும். அந்தரங்கமான படங்கள் இருந்தால் நான் வாரண்டியை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பேன், சிப்பும் சேர்ந்து துண்டாகும்படி வெட்டுவேன்.